கொல்லன் மகனுக்கு இட்ட பணிகள்

கம்ப்யூட்டரில் ஆடப்படும் விளையாட்டுகள் பலவகைப்படும். சில கையின் விரைவைச் சோதிப்பன. சில கணக்கறிவைச் சோதிப்பன. இவற்றின் வேறாக மற்றொரு வகையும் உண்டு. ஆடுபவர் ஒரு கதாபாத்திரத்தின் வேடத்தை ஏற்று, கதையினுள்ளே நடமாடி, பிறரோடு உரையாடி, முடிவெடுத்து, அம்முடிவின் பயனையும் தாமே நுகர்வது அவ்வகையின் இயல்பு. 'ரோல் பிளேயிங் கேம்' என்று இளைஞர்கள் வழங்கும் அதனைப் பாத்திரமேற்று ஆடல் எனலாம். மும்பையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மாலை வேளைகளை இவ்விளையாட்டுகளில் செலவிடும் இளைஞர் பலர் உளர். அவர்கள் ஒரே விளையாட்டில் நூறு மணி நேரம் செலவிடுவதும் அருமையன்று. அத்துணைக் காலத்தைக் கவரும் ஒரு கலையின் தகுதியையும் குறையையும் அறிந்துகொள்வது பெற்றோர்க்கும் நலம்; ஆடுவோர்க்கும் நலம்.

இவ்வகை விளையாட்டின் உயிர்நிலை, 'குவெஸ்ட்' எனப்படும் பணியாகும். கதையில் வரும் ஒருவர் நாயகனிடம் ஒரு காரியத்தை ஒப்படைக்கிறார். அவன் அதனை முடித்துத் திரும்புகிறான். பணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுக் கதையாகின்றன. ஆகவே, பணிகள் எங்ஙனம் அமைந்துள்ளன என்று பார்த்தாலே விளையாட்டின் தரம் விளங்கிவிடும். 'பத்து மூலிகை பறித்து வா. பொற்காசு தருகிறேன்' என்பது மிகத் தாழ்ந்த பணி. அதிலே காலுக்கு வேலை உண்டு. கருத்துக்கு வேலை இல்லை. உயர்ந்த பணிக்கு நான்கு இலக்கணம் கூறலாம். செய்வதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். முடிக்கப் பல வழிகள் இருத்தல் வேண்டும். தவறினால் இழப்பு இருத்தல் வேண்டும். முடிந்தபின் உலகம் சிறிதேனும் மாறியிருத்தல் வேண்டும். இந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டு ஒரு விளையாட்டை நாம் ஆராய்வோம்.

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்னும் விளையாட்டு 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வார்ஹார்ஸ் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. இதன் இயக்குநர் டேனியல் வாவ்ரா. 2014-ல் பொதுமக்களிடம் 3 லட்சம் பவுன் நன்கொடை வேண்டினர். 35,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 11 லட்சம் பவுனுக்கு மேல் அளித்தனர். டிராகனும் மந்திரவாதியும் இல்லாத, உள்ளபடியான இடைக்கால உலகைக் காண மக்கள் விரும்பினர் என்பதற்கு இதுவே சான்று.

கதை நிகழும் ஆண்டு 1403. இடம் பொஹீமியா நாட்டின் ஸாஸாவா ஆற்றுப் பகுதி. பேரரசர் நான்காம் சார்லஸ் 1378-ல் மறைந்தபின் அவர் மைந்தர் வென்செஸ்லாஸ் பொஹீமியாவை ஆண்டார். அவருடைய மாற்றாந்தாய் மகனும் ஹங்கேரியின் மன்னருமான சிகிஸ்மண்ட், 1402-ல் தமையனைச் சிறைப்படுத்தினார். மறு ஆண்டு படையெடுத்து ஊர்களைச் சூறையாடினார். அவ்வாறு அழிந்த ஊர்களுள் ஒன்று, வெள்ளிச் சுரங்கம் இருந்த ஸ்காலிட்ஸ். இதுவரை வரலாறு. அவ்வூரில் வாழ்ந்த கொல்லன் ஒருவனின் மகன் ஹென்றி என்பது கற்பனை. படையெடுப்பில் பெற்றோரை இழந்து, தந்தை செய்த வாளையும் பறிகொடுத்து, அகதியாக நிற்கும் அந்த இளைஞனே நாம் ஏற்கும் வேடம். அவனுக்கு வாள் வீசத் தெரியாது, எழுத்தும் தெரியாது.

முதலில் நிறைகளைக் காண்போம்.

ஊர் அழிவதற்கு முன், தந்தை மகனிடம் சில சிறு வேலைகளைத் தருகிறார். கரி வாங்கி வர வேண்டும். கோட்டையிலிருந்து வாளின் குறுக்குப் பிடியைக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த மதுவும் வேண்டும். கூனெஷ் என்னும் குடியனிடம் பழைய கடனை வசூலிக்க வேண்டும். கடைசி வேலை ஒன்றைப் பாருங்கள். கூனெஷ் கடனைத் தர மறுக்கிறான். அவனோடு கைகலக்கலாம், பெரும்பாலோர் உதைபட்டே திரும்புவர். நயமாகப் பேசிப் பார்க்கலாம். அவன் பெட்டியைத் திறந்து பொருளை எடுத்துச் செல்லலாம். நண்பர்களைத் துணைக்கு அழைக்கலாம். அவர்களோ, அதற்கு முன் ஒருவன் வீட்டுச் சுவரில் சாணம் எறியும் குறும்பில் ஹென்றி பங்குகொள்ள வேண்டும் என்பர். எதுவும் இயலாவிடில் வெறுங்கையோடு தந்தையிடம் சென்று உண்மையைச் சொல்லலாம். ஒரு கடன் வசூலில் இத்தனை வழிகள்! ஒவ்வொரு வழியும் ஹென்றி எத்தகையவன் என்பதை ஆடுவோரே தீர்மானிக்கும்படி செய்கிறது. மேலும், அன்றே அழியப்போகும் ஊரின் மக்களை நாம் பெயர் சொல்லி அறிந்துகொள்வதும் இவ்வேலைகளாலேயே நிகழ்கிறது. பின்னர் ராட்டாய் நகரத்தில் ஸ்காலிட்ஸ் அகதிகளைக் காணும்போது, அவர்கள் நமக்கு அயலாராகத் தோன்றுவதில்லை.

இரண்டாவது சிறப்பு, நாயகனின் குறையையே பணியாக்கும் திறம். தொடக்கத்தில் ஹென்றி புத்தகத்தைத் திறந்தால், எழுத்துகள் இடம் மாறிக் குழம்பியே தெரியும். உஜிட்ஸ் என்னும் ஊரிலுள்ள ஓர் எழுத்தரிடம் அவன் பாடம் கேட்கிறான். பழகப் பழகச் சொற்கள் தெளிகின்றன. வாட்பயிற்சியும் அவ்வாறே, பல நாள் பழகினாலன்றி ஒரு கொள்ளையனை வெல்வதும் அரிது. பசித்தால் உண்ண வேண்டும். களைத்தால் உறங்க வேண்டும். இரத்தக்கறை படிந்த உடையோடு சென்றால் மக்கள் மதிப்பதில்லை. பிற விளையாட்டுகளில் ஆற்றல் எண்ணாக வந்து சேர்கிறது. இங்கே அஃது உழைப்பின் பயனாக வருகிறது.

மூன்றாவது, காலம் நிற்பதில்லை என்னும் உணர்வு. மெர்ஹோயெட் என்னும் சிற்றூரில் மக்கள் நோயுற்றுக் கிடக்கின்றனர். ஹென்றி ஒவ்வொருவர் நோய்க்குறியையும் கேட்டறிந்து, ஸாஸாவா மடத்திலுள்ள நிகோடெமஸ் என்னும் துறவியிடம் சொல்லி, மருந்தின் முறையை அறிந்து, தானே காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். வழியிலே வேட்டையாடிக்கொண்டு காலம் தாழ்த்தினால் நோயாளிகள் இறந்துபோவர். உடல்களைக் காணும்போது பழி நம்முடையது என்று நெஞ்சு சொல்லும். ஒரு விளையாட்டு பொறுப்புணர்ச்சியைக் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு இப்பணி ஒன்றே விடையாகும்.

நகைச்சுவைக்கும் இடம் உண்டு. காட்வின் என்னும் பாதிரியாரிடம் ஒரு செய்தியை அறிய ஹென்றி செல்கிறான். பாவமன்னிப்பில் கேட்டதை வெளியிட இயலாது என்கிறார் அவர். எனினும் இருவரும் இரவெல்லாம் மதுவருந்துகின்றனர். பொழுது விடிந்ததும் பாதிரியார் தலைதூக்க முடியாது கிடக்க, கோயிலில் கூடியிருப்போர்க்குப் பிரசங்கம் செய்யும் பொறுப்பு கொல்லன் மகன் தலையில் விழுகிறது. இச்சிரிப்பினூடே, 1402 முதல் பிராக் நகரின் பெத்லகேம் ஆலயத்தில் உபதேசித்து, 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ் என்னும் சீர்திருத்தக்காரரின் கருத்துகளும் காதில் விழுகின்றன. வரலாற்றுப் பாடம் என்ற பெயரே இன்றி வரலாறு புகட்டப்படுகிறது.

இனிக் குறைகளைக் காண்போம். நிறை மிக்க இடத்தின் அருகிலேயே குறையும் நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஒரு குற்றவாளியைத் தேடி ஹென்றி ஸாஸாவா மடத்தில் புதுத் துறவியாகச் சேரும் பணி பெரிதும் பேசப்பட்டது. உள்ளே நுழைகையில் ஆயுதமும் உடைமையும் கைவிட்டுப் போகின்றன. விடியுமுன் எழ வேண்டும், வழிபட வேண்டும், குறித்த வேளையில் உண்டு, ஏடெழுதும் கூடத்திலும் மருந்துச் சாலையிலும் வேலை செய்ய வேண்டும், விதி மீறினால் தனியறைச் சிறை. புதுத் துறவியர் நால்வருள் தேடப்படுபவன் யார் என்று பேச்சாலும் நோட்டத்தாலும் கண்டுபிடித்தல் வேண்டும். வாளால் வென்று பழகியவர்க்கு இஃது ஒரு புத்தம் புதிய சோதனை. கருத்தளவில் இதனினும் சிறந்த பணியைக் காண்பது அரிது. ஆனால் ஆடும்போதோ நேரம் இழுபடுகிறது. மணி அடிக்கும்வரை காத்திருப்பதும், ஒரே நடைக்கூடத்தில் மீண்டும் மீண்டும் நடப்பதும் பலரைச் சலிப்படையச் செய்தன. மடத்தின் சலிப்பை உள்ளபடி காட்டுவதற்கும், ஆடுவோரைச் சலிப்படையச் செய்வதற்கும் இடையே உள்ள எல்லை மெல்லியது. அதனை அமைப்பாளர் பலமுறை தாண்டிவிட்டனர்.

காலத்தைப் பற்றிய விதியும் எங்கும் ஒருபடித்தாக இல்லை. மெர்ஹோயெட்டின் நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள். அரசியல் கதையின் பெரும் பணிகள் பலவோ வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. தலைவர் 'உடனே புறப்படு' என்று ஆணையிட்டபின்னும் ஹென்றி பூப்பறித்துத் திரியலாம், ஒன்றும் கெடுவதில்லை. எப்பணி காத்திருக்கும், எப்பணி காத்திராது என்பதை அறிவிக்கும் குறி எதுவும் தெளிவாக இல்லை. தவறு செய்தவன் தண்டனை பெறுவது நீதி. விதியே தெரியாதவன் தண்டனை பெற்றால் மனம் ஒப்புவதில்லை.

மூன்றாவது குறை, ஆடிய நிலையைப் பதிந்து வைக்கும் முறை பற்றியது. ஒரு குறிப்பிட்ட மதுவை அருந்தினாலோ, தனக்குரிய படுக்கையில் உறங்கினாலோதான் நிலை பதிவாகும். பணியின் சில கட்டங்களில் தானாகவும் பதிவாகும். எண்ணிய போதெல்லாம் பின்னோக்கிச் செல்ல இயலாதபடி செய்து, ஒவ்வொரு முடிவுக்கும் கனம் ஏற்றுவது இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் வெளிவந்த காலத்தில் இவ்விளையாட்டில் கோளாறுகள் மலிந்திருந்தன. பேச வேண்டியவர் பேசாதிருப்பதும், பணி நடுவிலே தடைப்படுவதும் உண்டு. தன் தவறின்றி இரண்டு மணி நேர உழைப்பை இழந்தவர், அதனை வாழ்க்கைப் பாடம் என்று ஏற்பாரா? வெளிவந்த சில வாரங்களில், விளையாட்டை விட்டு வெளியேறும்போது நிலையைப் பதிந்துகொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. கோளாறுகள் பலவும் பின்னர்ப் படிப்படியாக நீக்கப்பட்டன.

கதையின் இறுதிப் பகுதியும் தொடக்கத்தின் உயரத்தை எட்டவில்லை. டால்ம்பெர்க் கோட்டை பகைவர் கைப்படுகிறது, நம்மவர் முற்றுகையிடுகின்றனர். கல்லெறி பொறி அமைக்க, போர்க்கருவிகளைப் பற்றி 1405-ஐ ஒட்டி நூல் எழுதிய கான்ராட் கைசர் என்னும் உண்மை மனிதரை ஹென்றி அழைத்துவருவது இன்பமான இணைப்பே. ஆனால் முற்றுகையின் உச்சத்தில், பாசறைக்கு அதைக் கொண்டுவா, இதைக் கொண்டுவா என்னும் ஏவல்கள் கதையின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. அன்று ஸ்காலிட்ஸில் கரி வாங்கச் சென்றதும் ஏவல்தான். அதனால் ஓர் ஊரையே அறிந்தோம். பாசறை ஏவல்களால் அறிவது சிறிதே. இறுதியில் களவுபோன வாளும் மீளவில்லை, வஞ்சமும் தீரவில்லை. ஹான்ஸ் கேப்பன் என்னும் இளம் பிரபுவோடு ஹென்றி டிராஸ்கி கோட்டை நோக்கிக் குதிரையேறுவதோடு கதை நின்றுவிடுகிறது. எஞ்சிய கதையைக் காண, 2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வரும்வரை ஏழாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்பாகம் ஒரே நாளில் 10 லட்சம் படிகள் விற்றது என்றால், குறைகளைப் பொறுத்து மக்கள் காத்திருந்தனர் என்பது தெளிவு.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவ்விளையாட்டின் நிறையும் குறையும் ஒரே வேரில் கிளைத்தவை. 'உலகம் உனக்காகச் சுழலவில்லை' என்னும் கொள்கையே அவ்வேர். அக்கொள்கை மக்களின் துன்பத்தோடு சேர்ந்த இடத்தில் பணி உயர்கிறது. வெறும் நடைமுறையோடு சேர்ந்த இடத்தில் சுமையாகிறது. முன்னர்க் கூறிய நான்கு இலக்கணங்களுள் காரணம், பல வழி என்னும் இரண்டிலும் இதற்கு உயர்ந்த மதிப்பெண் அளிக்கலாம். இழப்பு என்பதில் நோக்கம் உயர்ந்தது, முறை பிழைபட்டது. உலகம் மாறுதல் என்பதில், சிற்றூர்ப் பணிகள் வென்ற அளவுக்குப் பெருங்கதை வெல்லவில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். வன்முறையும் காமமும் மதுவும் இதில் உள்ளன. ஐரோப்பியத் தரச்சான்று இதனைப் 18 வயது நிரம்பியோர்க்கே உரியது என்கிறது. சிறுவர் கையில் இதனைத் தருதல் தகாது. வயது வந்த மகனோ மகளோ ஆடுவாராயின், 'எவ்வளவு நேரம் ஆடினாய்?' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், 'கூனெஷிடம் கடனை எப்படி வசூலித்தாய்? மெர்ஹோயெட்டில் எத்தனை பேர் பிழைத்தனர்?' என்றும் கேட்டுப் பார்க்கலாம். வரும் விடையிலிருந்து விளையாட்டின் தன்மையோடு பிள்ளையின் தன்மையும் சிறிது விளங்கும். விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலில் புகும் நம் இளைஞர்க்கும் இதில் பாடம் உண்டு. பெரிய கோட்டைகளை அமைப்பதற்கு முன், ஒரு சிறிய கடனுக்கு ஐந்து வழி அமைக்கக் கற்பது நன்று.