நிற்பதும் ஓர் உழைப்பே!

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு நாள் பின்னிரவில், கொல்லைப்புறம் செல்ல எழுந்த என் அப்பத்தா நிலைப்படியருகே விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று வந்தவரெல்லாம் அவரையே கடிந்துகொண்டனர். நானும் அவ்வாறே எண்ணினேன். பின்னர் உடலியக்கம் பற்றிப் படித்தபோதுதான், நாமெல்லாரும் விழாமல் நிற்பதே பெரும் வியப்பு என உணர்ந்தேன்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுவே புவியீர்ப்பு மையம். நேராக நிற்கும் மனிதனுக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்ளே அமைகிறது. அங்கிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று தொங்குவதாக நினைத்துக்கொள்வோம். இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த பரப்பே தாங்குதளம். குண்டு அதற்குள் இருக்கும்வரை நிற்போம். வெளியே சென்றால் சாய்வோம்.

நண்பர்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட நின்று, முழங்காலை மடக்காமல், காலருகே கிடக்கும் நாணயத்தைக் குனிந்து எடுக்க முயலுங்கள். முன்னே சாய்ந்துவிடுவீர்கள். குனியும்போது வழக்கமாக இடுப்பு பின்னே செல்லும். சுவர் அதைத் தடுப்பதால் மையம் விரல்நுனியைக் கடந்துவிடுகிறது. இடுப்பில் குடம் சுமக்கும் பெண் மறுபுறம் சாய்ந்து நடப்பதும், ஓடும் பேருந்தில் நாம் கால்களை அகற்றி நிற்பதும் இவ்விதிப்படியே.

ஆனால் மேசையைப்போல் மனிதன் அசையாது நிற்பதில்லை. மையமோ உயரத்தில், தளமோ இரண்டு சிறு பாதங்கள். தூக்குநூல் கணுக்காலுக்குச் சற்று முன்னே விழுவதால் உடல் முன்னோக்கிச் சாய முனைகிறது. கெண்டைக்கால் தசைகள் அதனைப் பின்னிழுத்தவண்ணம் உள்ளன. ஆடாமல் நிற்பதாக நாம் கருதும்போதும் உடல் மெல்ல ஊசலாடிக்கொண்டே இருக்கிறது.

இவ்வூசலாட்டத்தை மூளைக்கு அறிவிப்போர் மூவர். முதலாவது கண். இரண்டாவது உட்செவி, அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், அடுத்துள்ள இரு பைகள் அதன் சாய்வையும் உணர்த்துகின்றன. மூன்றாவது, பாதத்தோல், தசை, மூட்டு ஆகியவற்றின் உணர்வு. ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவரும் ஈடுசெய்ய முயல்வர். கால்களில் உணர்விழந்த நோயாளிகள் கண்களை மூடியதும் தள்ளாடுவதைப் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ராம்பெர்க் எடுத்துரைத்தார். இன்றும் அச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இப்போது அப்பத்தாவை நினைத்துப் பார்க்கிறேன். பல்லாண்டுச் சர்க்கரை நோயால் அவர் பாதங்கள் மரத்திருந்தன. முதுமையில் உட்செவியின் கூர்மையும் குறையும். எஞ்சியது கண் ஒன்றே. அதனையும் இருள் பறித்தது. மின்சாரம் வீணாகிறதென்று அன்றிரவு கொல்லைப்புற விளக்கை அணைத்தவன் நானே!

தேறியபின் கைத்தடி வாங்கிக் கொடுத்தோம். "நான் கிழவின்னு ஊருக்குச் சொல்லணுமாடா?" என்று மறுத்தார். தடி ஊன்றினால் தாங்குதளம் அகலும், மரத்த பாதம் அறியாத தரையைக் கை அறியும் என விளக்கினேன். "அப்போ எனக்கு மூணு காலுன்னு சொல்லு" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

முதியோர் விழுந்தால் அவர்தம் கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வழியில் விளக்கு எரிந்ததா என்று முதலில் பாருங்கள். எங்கள் கொல்லைப்புற விளக்கு இப்போதெல்லாம் விடியும்வரை எரிகிறது.