வீட்டுக்கு ஒரு 'டெப்': நாம் வேண்டுவது யாது?

ஆவணி கழிந்து புரட்டாதி பிறக்கும் காலம், மேல்நாட்டுக் கணினிப் பிரியர்களுக்கு ஒரு திருவிழாக் காலமாகும். அப்பிள் நிறுவனம் தனது 'ஐபேட்' என்னும் பலகைக் கணினியின் பணிசெயல் முறைமையை ஆண்டுதோறும் அந்நாட்களிலேயே புதுப்பித்து வெளியிடுவது வழக்கம். பலகையை உயிர்ப்பித்து, அதன் திரை முதல் ஒலிபெருக்கி வரை யாவற்றையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளையே நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறுகின்றன. தமிழ்நாட்டார் இதனை இயங்குதளம் என்பர். புதுப்பிப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, இந்த முறை எவ்வெவ் வசதிகள் வேண்டும் எனப் பாவனையாளர் நீண்ட பட்டியல்களை எழுதத் தொடங்கிவிடுவர்.

அப்பட்டியல்களின் பலன் உடனே கிட்டுவதில்லை. 2010ஆம் ஆண்டில் முதலாவது ஐபேட் விற்பனைக்கு வந்தபோது, அதில் நிறுவனத்தார் அமைத்த கணிப்பான் இருக்கவில்லை. கூட்டவும் கழிக்கவும் பிறர் ஆக்கிய செயலியைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுப் பாவனையாளர் வாய் ஓய்ந்த பின்னர், 2024இல் வந்த 18ஆம் பதிப்பிலேதான் கணிப்பான் எழுந்தருளியது. பதினான்கு ஆண்டுகள்! இராமபிரானின் வனவாசமும் அவ்வளவுதானே. 2025இல் வந்த பதிப்போ, மேசைக் கணினியிற் போலப் பல சாளரங்களை விரும்பிய அளவில் திறந்து வைக்கும் வசதியைத் தந்தது.

இத்தகைய பட்டியல்களை எழுதுவோர் பெரும்பாலும் ஆளுக்கொரு பலகை, தடைப்படாத மின்சாரம், வேகமான இணையம், ஆங்கில அறிவு ஆகிய நான்கும் கைவரப் பெற்றவர்கள். சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், புத்தளம் எனத் தொடர்ந்து, களப்பைச் சுற்றிக் கற்பிட்டி வரை நீளும் நமது கரையோர வீடுகளில் இந்நான்கும் ஒருங்கே அமைவது அரிது. ஆதலால் நமது பட்டியல் வேறாயிருப்பதில் வியப்பில்லை.

2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் டெப் நுழைந்த வீடுகள் பல. பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வந்தபடியால், நகையை அடகு வைத்தேனும் ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றன்று. உயர்தரம் கற்கும் தமக்கை அதிலே உயிரியற் குறிப்புகளைச் சேமித்து வைப்பாள். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தம்பி, விளையாட்டொன்றை இறக்க இடம் போதாமல் அக்குறிப்புகளை அழித்துவிடுவான். தந்தையார் கடலுக்குப் போகுமுன் காற்றின் நிலையை அதிலே பார்ப்பார். அன்னையார் வெளிநாட்டிலுள்ள உறவினரோடு அதிலேதான் உரையாடுவார். ஒருவருக்கு வந்த மடலை மற்றவர் திறந்து பார்த்துவிட, அதனால் விளையும் மனத்தாங்கல்களையும் நாம் அறிவோம்.

ஒரே பலகையில் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி அறை வகுத்துத் தருவது இயலாத காரியமன்று. கூகுள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் முறைமையில் 2012 முதலே இவ்வசதி உண்டு. ஆயினும் பலகை செய்து விற்கும் நிறுவனங்கள் சில அதனை நீக்கிவிடுகின்றன. அப்பிள் நிறுவனமோ 2016இல் பள்ளிக்கூடங்களுக்கென இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. குடும்பங்களுக்கு இன்றளவும் அதனை வழங்கவில்லை. ஒரு வீட்டில் நால்வரிருந்தால் நான்கு பலகை விற்கலாம் என்னும் வணிகக் கணக்கு இதற்குக் காரணமோ என்னவோ, நான் அறியேன். கணிப்பானுக்குப் பதினான்கு ஆண்டு காத்திருந்தவர்கள் இதற்கு எத்தனை ஆண்டு காத்திருப்பார்களோ!

இனித் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெப்பில் தமிழ் இல்லையென்று இன்று எவரும் குறைகூற முடியாது. தமிழெழுத்துகள் 1991இலேயே யூனிகோட் ஏற்பாட்டில் இடம்பெற்றுவிட்டன. 2013இல் ஐபேட்டில் தமிழ் விசைப்பலகையும் வந்து சேர்ந்தது. குறை எங்கேயெனின், வந்திருக்கும் தமிழ் நமது ஊர்த் தமிழாக இல்லாமையே. நம் பிள்ளை கொப்பியில் 'ஓகஸ்ட்' என்று எழுதுகின்றான். டெப் அவனுக்கு 'ஆகஸ்ட்' என்று காட்டுகின்றது. 'ஒக்டோபர்' அங்கே 'அக்டோபர்' ஆகின்றது. 'பெப்ரவரி', 'பிப்ரவரி' ஆகின்றது. சிறு வேறுபாடுதானே எனலாம். ஆனால் மாதப் பெயரில் தொடங்குவது மாதப் பெயரோடு நிற்பதில்லை.

காற்றையே எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். கரைவலை இழுக்கும் சம்மாட்டிக்கும் தோணி தள்ளும் இளைஞனுக்கும் இவையே தெரிந்த பெயர்கள். டெப்பை நோக்கி, 'நாளைக்குக் கச்சான் பெலக்குமா?' என்று அவர் வினவுவாராயின், அது என்ன விடை கூறும்? கச்சான் என்பது நம் நாட்டிலே கடற்காற்றுக்கும் பெயர், கடைத்தெருவில் வறுத்து விற்கும் கடலைக்கும் பெயர். இரண்டில் எது என்பதை அறிய, இயந்திரத்துக்கு இலங்கைத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். கூகுளின் பேச்சறி பொறி 2017இல் தமிழைச் சேர்த்தபோது, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நால்வகையாகப் பிரித்துச் சேர்த்தது போற்றத்தக்கதே. பெயரளவில் உள்ள அப்பிரிவு உண்மையாதல் வேண்டும். உடப்பின் மீனவரும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியமர்ந்த முஸ்லிம் மக்களும் பேசும் பேச்சு அதன் செவிக்குப் பழக வேண்டும்.

எழுத்துத் தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்க்கு இது சுவையாக இருக்கும். 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கணினியுள் இருவிதமாகச் சேமிக்கலாம். 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்ப்பது ஒன்று. 2005இல் யூனிகோட்டில் புதிதாகச் சேர்ந்த 'ஶ' என்னும் எழுத்தைக் கொண்டு ஆக்குவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. ஆகவே 'ஸ்ரீ' எனத் தொடங்கும் பெயருடைய மாணவரை வகுப்புப் பட்டியலிலே தேடினால், அவர் இருந்தும் இல்லாதவராகிவிடலாம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு தேடுமாறு முறைமைக்குக் கற்பித்தல் பெரிய வித்தையன்று.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு சொல். தமிழைத் தட்டெழுத்துப் பொறியில் ஏற்றி வைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர். சிங்கப்பூரிலே பணி புரிந்தவர். புள்ளியை அடித்தால் உருளை நகராது நின்று, அடுத்துவரும் எழுத்தின்மேல் அது அமையும்படி 'நகரா விசை'யை அவர் ஏற்படுத்தினார். அந்த வழிவந்த நமக்கு இன்று விசைப்பலகையில் ஒற்றுமையில்லை. தமிழ்நாடு 1999இல் 'தமிழ் 99' அமைப்பை ஏற்றது. இலங்கைத் தரம் 2008இல் 'ரெங்கநாதன்' அமைப்பை ஏற்றது. 2013இல் ஐபேட்டுக்கு வந்தவை தமிழ் 99, அஞ்சல் என்னும் இரண்டே. பாடசாலைக் கணினியில் ஓரமைப்பும் வீட்டு டெப்பில் வேறோரமைப்பும் பழகும் பிள்ளை, ஈற்றில் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துவிட்டுப் போய்விடுகின்றது. எல்லா அமைப்பும் எல்லாப் பலகையிலும் இருக்கட்டும்; வேண்டியதைத் தெரிந்துகொள்வோம்.

நமது மாவட்டத்துக்கே உரிய மற்றொரு வேண்டுகோளும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியதாயினும், இப்பகுதியில் அலுவலகக் கடிதங்கள் சிங்களத்தில் வருவது புதிதன்று. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலையும் முதியோரை எங்கும் காணலாம். கூகுளின் மொழிபெயர்ப்புப் பொறியில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்தன. இணைப்பு நன்றாயிருந்தால் டெப்பின் கமராவைக் கடிதத்தின்மேற் பிடித்து ஓரளவு பொருளறிய முடிகின்றது. இணைப்பு இல்லாதபோதும் அது முடிய வேண்டும். முடிந்த பின் அதனைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டவும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கியபோது நமது மாவட்டமும் வெள்ளத்தில் அகப்பட்டது. அத்தகைய இரவிலே, எந்த மொழியில் எச்சரிக்கை வந்தாலும் அதனைத் தமிழாக்கிக் கூறும் பலகை ஒன்று வீட்டிலிருப்பது உயிர் காக்கும் காரியமன்றோ?

மின்சாரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 900 மெகாவாற்று ஆற்றலுள்ள அனல்மின் நிலையம் நுரைச்சோலையிலே, நம் கரையிலேயே நிற்கின்றது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாட்டோடு நாமும் இருளில் இருந்தோம். விளக்கடியில் இருள் என்பது இதுதான் போலும். படிப்புக்குரிய செயலியொன்றை மாத்திரம் விழிப்பாக வைத்து ஏனையவற்றை உறங்கச் செய்யும் ஒரு விசை இருந்தால், மின்கலம் இரட்டிப்பு நேரம் நிற்காவிட்டாலும் பரீட்சைக்கு முதல்நாள் இரவைத் தாண்டும்.

பழைய பலகைகளின் கதை இன்னும் வருத்தந் தருவது. 2019இல் வெளிவந்த ஏழாந் தலைமுறை ஐபேட்டுக்கு 2025ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு வழங்கப்படவில்லை. ஆறே ஆண்டு! மலிவான அன்ட்ரொயிட் பலகைகள் பலவற்றுக்கு அவ்வளவுகூட ஆயுளில்லை. பலகை நல்ல நிலையிலிருக்கும். செயலிகள் ஒவ்வொன்றாக, 'உமது முறைமை பழையது' என்று விலகிப்போகும். வெளிநாட்டிலுள்ள மாமா பாவித்துவிட்டு அனுப்பியதோ, இரண்டாங் கையாக வாங்கியதோ ஆன பலகையையே நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய இடி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதற்கொரு விதி செய்துள்ளது. ஒரு மாதிரியின் விற்பனையை நிறுத்திய பின்னரும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் முறைமைப் புதுப்பிப்புகளைக் கொடுத்தல் வேண்டும் என்பதே அது. அங்கே விற்பதற்காகச் செய்யப்படும் புதுப்பிப்பு இங்குள்ள அதே மாதிரிக்கும் கிடைக்குமாயின், ஐரோப்பியர் புண்ணியத்தில் நாமும் பயனடையலாம்.

இவ்வளவும் கேட்டு யாருக்கு எழுதுவது என வாசகர் வினவலாம். பலகை நிறுவனங்கள் கருத்தனுப்பும் பக்கங்களை வைத்திருக்கின்றன. அவற்றுக்கு எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாயில் மாணவருக்கே திறந்திருக்கின்றது. மாதப் பெயர், கிழமைப் பெயர், நாணயக் குறி முதலியவற்றை அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட் ஆகிய நிறுவனங்கள் பெரும்பாலும் யூனிகோட் அமைப்பின் பொதுவான தரவுக் களஞ்சியம் ஒன்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. சி.எல்.டி.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்ற பிரிவுகள் அங்கேயும் உண்டு. சொற்களை முன்மொழியவும் வாக்களிக்கவும் தனியாட்களுக்கும் இடமளிக்கின்றனர். நிறுவனங்களின் வாக்குக்கு உள்ள நிறை தனியாளின் வாக்குக்கு இல்லை, அவ்வளவே. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவரொருவர், தம் ஆசிரியரின் துணையோடு இதிற் கணக்கொன்று கேட்டுப் பெறலாம். இலங்கைத் தமிழ்ப் பிரிவைத் திறந்து, எட்டாம் மாதத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதென்று முதலிற் பார்க்கட்டும்.