ஒலி தெளிய வழி யாது?

ஒலிக்கருவி வழியே வரும் லகர, ளகர, ழகரங்கள் மாணவர் செவியில் ஒன்றாய்க் கலந்தால், அக்கருவியால் தமிழாசிரியர்க்குப் பயன் யாது? சிங்கப்பூரில் என் மகன் வீட்டில் இக்குறை இருந்தது. அது தீருமென்று விலைமிக்க கம்பி வாங்கி ஒலிபெருக்கியில் பூட்டினோம். வேறுபாடு தோன்றவில்லை.

காரணம் எளிது. 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரணச் செப்புக் கம்பியே 5 மீட்டர் தொலைவுக்குப் போகவர ஏறத்தாழ 0.07 ஓம் தடைதான் தரும். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட இழப்பில்லை.

குறை அறையில் இருந்தது. அடுக்குமாடி வீட்டின் ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி, முன்னெழுத்தின் எச்சத்தைப் பின்னெழுத்தின்மேல் ஏற்றுகின்றன. 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் ஆராயப் புகுந்ததும் இதுவே. அங்கு விரிவுரைக்கூடம் ஒன்றில் பேசிய சொல் ஐந்தரை விநாடி நின்றொலித்தது. இருக்கை மெத்தைகளைப் பரப்பப் பரப்ப அது குறைந்தது.

தேக்காவில் வாங்கிய தடித்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் இட்டோம், ழகரம் தெளிந்தது. எங்கள் தோட்டப் பள்ளி வகுப்பறைக்கும் இதுவே பொருந்தும். பணம் செலவிடுமுன் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒலி நீண்டு நின்றால் குறை கருவியில் இல்லை.