சிங்கப்பெருமாள் கோயில் ரயிலடியில் கடைசிப் பாட்டு

முடிச்சூரில் குடியிருப்பவர்களுக்குத் தாம்பரமும் பெருங்களத்தூரும்தான் பக்கத்து ரயில் நிலையங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், கட்டுச்சோற்று மூட்டையும் குழந்தை குட்டிகளுமாகச் செங்கல்பட்டு வண்டியில் ஏறும் குடும்பங்கள் பல. மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் வண்டலூரில் இறங்கிவிடுவார்கள். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் எல்லாம் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோயில் வரும். குன்றைக் குடைந்து அமைத்த சன்னதியில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் ஊர் அது.

சாமி கும்பிட வருகிறவர்கள் அந்த நிலையத்தில் இறங்குகிறார்கள். தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்களும் இறங்குகிறார்கள். ஆனால், இந்தியா முழுவதும் புகழ்பெற்ற ஒரு சங்கீத மேதையின் உயிர் பிரிந்த இடம் அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மேதையின் பெயர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 'உஸ்தாத்' என்றால் ஆசான் என்று பொருள்.

வடக்கே பிறந்தவர்

இன்றைய உத்தரப் பிரதேசத்தில் கைரானா என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைக் கிரானா என்றும் சொல்வார்கள். அப்துல் கரீம் கான் 1872-ம் ஆண்டு அங்கே பிறந்தார். குடும்பத்துக்கே பாட்டுதான் தொழில். தகப்பனார் காலே கானும், சிற்றப்பா அப்துல்லா கானும் அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இளவயதிலேயே பரோடா அரண்மனையில் பாடும் பேறு கிடைத்தது. பிறகு ஊர் ஊராகச் சென்று பாடினார். 1913-ம் ஆண்டு பூனாவில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கடைசியில் மகாராஷ்டிரத்தின் தென்கோடியிலுள்ள மீரஜ் நகரில் குடியேறினார். அங்கே ஒரு சமயம் அவருக்குப் பிளேக் நோய் கண்டது என்றும், மீரா சாகிப் தர்காவில் வேண்டிக்கொண்டு பிழைத்தார் என்றும் அவ்வூர் மக்கள் சொல்வது உண்டு.

அவர் பாட்டில் ஆர்ப்பாட்டம் இராது. ஒரு சுரத்தைப் பிடித்தால், அதிலேயே நின்று, அதன் இனிமை முழுவதையும் காட்டிவிட்டுத்தான் அடுத்த சுரத்துக்குப் போவார். அவர் வளர்த்த அந்தப் பாணிக்கு அவருடைய ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. கிரானா பாணி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

தெற்கே வந்த அன்பு

வடநாட்டு வித்துவானுக்கும் தென்னாட்டுக்கும் என்ன தொடர்பு? மைசூர் அரண்மனைதான் அந்தத் தொடர்புக்கு வழி செய்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் கான் சாகிப் பலமுறை மைசூருக்கு வந்து பாடினார். அங்கே கர்நாடக சங்கீத வித்துவான்களின் பழக்கம் ஏற்பட்டது. நம்மவர் சுரம் பாடும் அழகு அவர் மனத்தைக் கவர்ந்தது. அந்த முறையைத் தம்முடைய பாட்டிலும் சேர்த்துக்கொண்டார். தியாகராஜ சுவாமிகளின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றைப் பாடி இசைத்தட்டிலும் பதிவு செய்தார்.

மொழி வேறு, மதம் வேறு, சம்பிரதாயம் வேறு. இருந்தும், நல்லதை எங்கே கண்டாலும் கைகூப்பி ஏற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தது.

அன்று இரவு

1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் சென்னைக்கு வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 64. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் புறப்பட்டார். அங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சீடர்களும் உடன் வந்தார்கள்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ம் ஆண்டிலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் தாம்பரத்தைத் தாண்டினால் அந்த நாளில் நீராவி வண்டிதான். முடிச்சூர் அப்போது ஏரியும் வயலும் சூழ்ந்த சின்னக் கிராமம். அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

வழியில் கான் சாகிப்பின் மார்பில் வலி கண்டது. உட்கார முடியவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் வண்டி நின்றபோது அவர் இறங்கிவிட்டார். தாம்பரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சிறிய நிலையம் அது. புதுச்சேரிப் பயணம் அங்கேயே நின்றுவிட்டது.

நடைமேடையில் படுக்கையை விரித்தார்கள். தமக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று அவர் உணர்ந்துகொண்டார். தொழுகை செய்தார். பிறகு தம்பூராவைச் சுருதி கூட்டச் சொன்னார். தர்பாரி ராகத்தில் கலிமாவைப் பாடினார். பாடி முடித்துச் சாய்ந்தார். உயிர் பிரிந்தது. அந்த நாள் அக்டோபர் 27.

அன்று அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் உடன் வந்தவர்கள்தாம். விலையுயர்ந்த டிக்கெட்டு வாங்கிக் கேட்க வேண்டிய பாட்டை, ஒரு கிராமத்து ரயிலடியின் காற்று கேட்டது!

அவருடைய உடலை மீரஜ் நகரத்தில், அவர் போற்றிய தர்காவில் அடக்கம் செய்தார்கள். அவர் நினைவாக அங்கே ஆண்டுதோறும் சங்கீத விழா நடக்கிறது.

பாட்டு நிற்கவில்லை

குரல் நின்றதே தவிர, பாட்டு நிற்கவில்லை. மகள் ஹீராபாய் பரோடேகர் பெரும் புகழ் பெற்ற பாடகியானார். மகன் சுரேஷ்பாபுவும், மற்றொரு மகள் சரசுவதி ராணேயும் சிறந்த பாடகர்களாக விளங்கினார்கள். சவாய் கந்தர்வர் என்ற சீடர் குருவின் பாணியைக் காப்பாற்றினார்.

கர்நாடகத்தில் கதக் என்னும் ஊரில் ஒரு சிறுவன் இருந்தான். கான் சாகிப்பின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டான். இப்படிப் பாட வேண்டும் என்று அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. 1933-ம் ஆண்டு வீட்டை விட்டே ஓடிப் போனான். பல ஊர் அலைந்து, கடைசியில் சவாய் கந்தர்வரிடமே சீடனாகச் சேர்ந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் பாரத ரத்னா விருது பெற்ற பீம்சேன் ஜோஷி.

அன்றும் இன்றும்

கான் சாகிப்புக்கு வலி கண்டபோது பக்கத்தில் என்ன உதவி இருந்தது? செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1965-ம் ஆண்டில்தான். தாம்பரத்தில் 1928 முதல் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது உண்மை. ஆனால் அது காசநோய்க்காக ஏற்பட்ட சானடோரியம். நின்றுபோன இருதயத்தை மார்பில் கை வைத்து அழுத்தி மீண்டும் துடிக்கச் செய்யும் முறையை டாக்டர்கள் உலகுக்கு அறிவித்ததே 1960-ம் ஆண்டில்தான். அந்த இரவில் உடன் இருந்தவர்கள் படுக்கையை விரித்துக் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

இன்று அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு 2008-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. அழைப்புக்கும் பணம் இல்லை, வண்டிக்கும் பணம் இல்லை. ரயிலில் போகும்போது உடம்புக்கு முடியாமல் போனால் 139 என்ற எண்ணில் ரயில்வேயைக் கூப்பிடலாம். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதல் மாத்திரைகளைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுப்பதற்கு, 2023-ம் ஆண்டு 'இதயம் காப்போம்' என்ற திட்டமும் வந்திருக்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "வாயுப் பிடிப்புதான், சரியாகிவிடும்" என்கிறோம். ஒரு சோடா குடித்துப் பார்க்கிறோம். டிக்கெட்டு வாங்கிவிட்டோமே, குழந்தைகள் ஆசையாக இருக்கிறார்களே என்று வலியை மறைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் இதில் பெரிய கெட்டிக்காரர்கள்!

இதை நினைவில் வையுங்கள்

நடுமார்பில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் - இவை அபாய அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலி அவ்வளவாகத் தெரியாமல், களைப்பும் குமட்டலும் மட்டும் காணலாம்.

அப்படி வந்தால் உடனே உட்கார வேண்டும். நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. இறுகிய உடையைத் தளர்த்தி, 108-க்குப் பேச வேண்டும். அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். நினைவு தப்பி மூச்சும் நின்றுவிட்டால், ஆம்புலன்சு வருகிற வரை மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத்துக்கு நஷ்டம்.

வெளியூர் புறப்படும்போது பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையையும், மருந்துச் சீட்டையும் கட்டுச்சோற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரை மறக்க வேண்டாம். 108 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அப்துல் கரீம் கான் உடம்பு சொன்னதைக் கேட்டார். போகிற காரியம் பெரிது என்று பாராமல், முன்பின் தெரியாத ஊரில் இறங்கினார். அவருக்கு உதவி செய்ய அங்கே யாரும் இல்லை. நமக்கு உதவி செய்ய ஆள் இருக்கிறார்கள், வண்டி இருக்கிறது, மருந்து இருக்கிறது. மலை எங்கும் போய்விடாது, கோயிலும் எங்கும் போய்விடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம். வலி கண்டால், இறங்கிவிடுங்கள்.