மரத்தரைக்கு முன் கான்கிரீட் காயட்டும்
சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். புது வீட்டில் மரத்தரை போட விரும்புவோர் அந்த ஈரக்காற்றை நினைத்தே அஞ்சுகின்றனர். ஆனால், பலகையை உப்பவைக்கும் ஈரம் அடியிலிருந்தும் வரும்.

தரையைச் சமப்படுத்தப் பூசும் சிமெண்டுக் கலவை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் தங்கியிருக்கும். ஏறக்குறைய அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்க்கலாம். அடியில் நீர் துளிர்த்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ பலகை போடக்கூடாது. துளிர்க்காவிட்டாலும் ஈரமானியால் அளந்துவிடுவது நல்லது. குடிபுகும் தேதியைக் காட்டிக் குத்தகையாளர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். உப்பிய பலகையைப் பெயர்த்து மாற்றும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழலாம்.

காய்ந்தபின் ஈரத்தடுப்புத் தாள் விரிக்கவேண்டும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை, முழுமரத்தைவிடக் குறைவாகவே விரியும். அதற்கும் சுவரோரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. ஓரச்சட்டம் அதை மறைத்துவிடும்.