பெட்டி முதலாளியிடம், சாவி முந்தானையில்

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் சந்தியில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. அதன் உள்ளறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே அடித்த பலகையில், பூட்டிய தகரப் பெட்டியொன்று இருக்கிறது. மேல் லயத்துப் பாட்டி ஒருவருடையது அது. உள்ளே பிறப்புச் சான்றிதழ்களும் குடியுரிமைப் பத்திரமும் இருப்பது பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சாவி அவர் முந்தானையில் முடிந்திருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "பெட்டி இருக்கா முதலாளி?" என்று கேட்பார். "இருக்கு பாட்டி" என்பார் வாப்பா. அது அமானிதம், நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

2016 மே 17ஆம் திகதிக்குப் பிறகுதான் அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தை மூடியது. உயிர் தப்பியவர்களில் பலருக்குத் தாங்கள் யார் என்று காட்ட ஒரு கடதாசி மிஞ்சவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இல் ஶ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கு போடப்பட்டு, 2003இன் சட்டம் வரை காத்திருந்தவர்களின் வீடுகளில் கடதாசிக்கு என்ன பெறுமதி என்பதை வெளியார் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

தகவல் தொழில்நுட்பப் பாடவேளையில் கடவுச்சொல் முகாமையாளர் பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. "எல்லாக் கடவுச்சொல்லையும் கொண்டுபோய் ஒரே கம்பனியிடம் கொடுப்பதா? பைத்தியமா?" என்றாள் ஒரு தோழி. முன்பு நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் எனக்கு ஒரு சூடு பட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம், டவுனிலிருந்த ஒரு கொமியுனிகேஷன் கடையில்தான் என் முதல் மின்னஞ்சலைத் திறந்து தந்தார்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரர் தன் கொப்பியில் எழுதி வைத்தார். மீட்பு இலக்கமாகவும் தன் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்தார். பிற்பாடு நான் கடவுச்சொல்லை மறந்தபோது குறியீடு அவருடைய பழைய இலக்கத்துக்குப் போனது. அந்த இலக்கத்தையோ அவர் கைவிட்டிருந்தார். கணக்கு போனது போனதுதான். அங்கே பெட்டியும் சாவியும் ஒரே ஆளிடம் இருந்தன. பெட்டிக்குச் சொந்தக்காரி மட்டும் வெளியே நின்றாள்.

நல்ல முகாமையாளர் செயலி பாட்டியின் முறையில் இயங்குகிறது. நாம் ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை மனதில் வைத்திருக்கிறோம். அதிலிருந்து நம் கைபேசிக்குள்ளேயே ஒரு சாவி உருவாகிறது. அந்தச் சாவியால் மற்ற எல்லாக் கடவுச்சொற்களும் மறைகுறியாக்கப்பட்ட பிறகே மேகத்துக்குப் போகின்றன. கம்பனியிடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். நாம் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் பெரும்பாலும் திறந்து தர முடியாது. இதைக் குறை என்பார்கள். என் கண்ணுக்கு இதுதான் நம்பிக்கைக்குக் காரணம்.

அப்படியானால் பெட்டியையே திருடினால்? அதுவும் நடந்தது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் மேகச் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகள் திருடப்பட்டன. அந்த டிசம்பரில் நிறுவனமே அதை அறிவித்தது. கடவுச்சொற்கள் பூட்டுக்குள்தான் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையத்தளங்களுக்கு உரியவை என்ற முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. பெட்டியின் மேல் "வங்கிப் புத்தகம்" என்று எழுதி வைப்பது போன்றது அது. திருடனுக்கும் அவசரமில்லை, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம். குட்டையான, இலகுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்தவர்களுக்கு அது பேராபத்து. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து நீளமாக வைத்தவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. பிறந்த திகதியும் பெயரும் சேர்ந்தது கடவுச்சொல்லே அல்ல என்பதை நம் வகுப்பில் பாதிப்பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, பழையபடி ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வோம் என்று திரும்பிவிடாதீர்கள். ஏதோ ஒரு சின்னத் தளத்தில் அது கசிந்தால் மின்னஞ்சல், முகநூல், வங்கி எல்லாம் வரிசையாகத் திறக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: வட்சப்பில் "பரிசு விழுந்திருக்கிறது" என்று வரும் போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம். முகவரி பொருந்தாததால் முகாமையாளர் அங்கே கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது.

கூகுள் டிரைவ் போன்ற சாதாரண மேகச் சேமிப்பு வேறு வகை. அங்கேயும் பூட்டு உண்டு, ஆனால் வழமையான அமைப்பில் சாவி கம்பனியிடமும் இருக்கிறது. நம் கணக்குக்குள் புகுந்தவன் எல்லாவற்றையும் பார்ப்பான். இருந்தும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அங்கே ஏற்றுங்கள் என்பதே. இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். மூலப் பத்திரத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் சான்றிதழ் இலக்கமும் பதிவுத் திகதியும் கையிலிருந்தால் புதுப் பிரதி எடுக்கும் அலைச்சல் குறையும். மலை சரிகிற ஊரில் திருட்டைவிடத் தொலைவுதான் பெரிய பயம்.

மேகத்தில் போட்டது தொலையாது என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க மேகத்தைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குத் தனியாகப் பிரதி இல்லாததால் அவை மீளவில்லை. மே 17! மலை சரிந்த அதே திகதி என்று நான் சொன்னபோது வாப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பலகைக்கு மேலே கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது நான் பிட்வார்டன் பாவிக்கிறேன். இலவசம்; அதன் நிரல் யாரும் பார்க்கத் திறந்திருக்கிறது. எதையும் மேகத்துக்கு அனுப்ப மனமில்லாதவர்களுக்குக் கீபாஸ் இருக்கிறது. பெட்டகம் நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும், பிரதி எடுக்கும் பொறுப்பும் நம்முடையதே. முதன்மைக் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் இரண்டு கடதாசிகளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி ஒட்டினேன். ஒன்று உம்மாவின் அலுமாரியில். மற்றது ருவன்வெல்லையில் சாச்சி வீட்டில். "உள்ளே என்ன மகள்?" என்று சாச்சி கேட்டார். சொன்னேன். பிரித்துப் பார்க்காமல் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.