உங்க டிபார்ட்மென்ட் எது பாஸ்?

'சைக்காலஜி பசங்களுக்குக் கணக்கு வராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு மனுஷங்க மனசு புரியாது.' கேன்டீனில் இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. அதை நம்புற கட்சியா நீங்க? அப்போ ஃபிராங்க் ரோசன்பிளாட்டைப் பத்தி அவசியம் தெரிஞ்சுக்கணும்!

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1956-ல் சைக்காலஜியில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இவர். ஆராய்ச்சிக்காக 200-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் காசு கொடுத்து, ஆளுக்கு 600 கேள்விக்குப் பதில் எழுத வெச்சார். மனசை நம்பரால் அளக்கிற இந்தத் துறைக்குப் பேர் சைக்கோமெட்ரிக்ஸ். யார் பதில் யாரோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு கையால் கணக்குப் போட்டா ஆயுசே போதாது. மனுஷன் அசரலையே! அதுக்குன்னு 'இபேக்' என்ற கம்ப்யூட்டரையே வடிவமைச்சுட்டார்.

மனசை அளக்க மெஷின் உதவும்னா, மனசு மாதிரி கத்துக்கிற மெஷினையும் செய்யலாமே? இந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில்தான் பெர்செப்ட்ரான். ஐடியா ரொம்ப சிம்பிள். உள்ளே வர்ற ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வெயிட்டேஜ். எல்லாத்தையும் கூட்டி ஒரு முடிவு. முடிவு சரின்னா அப்படியே விட்டுடு. தப்புன்னா வெயிட்டேஜைக் கொஞ்சம் மாத்து. அவ்வளவுதான்! 1958 ஜூலையில் நடந்த செயல்விளக்கத்தில், அட்டையில் குறி இடப்பக்கமா வலப்பக்கமான்னு 50 முயற்சியில் கம்ப்யூட்டர் தானாகவே கத்துக்கிச்சு.

'இது நடக்கும், பேசும்' என்று பத்திரிகைகள் ஏகத்துக்கும் ஊதிவிட்டன. 1969-ல் விழுந்தது அடி. ஒரே அடுக்கு பெர்செப்ட்ரானால் சில எளிய கணக்குகளைக்கூடப் போட முடியாதுன்னு மார்வின் மின்ஸ்கியும் சைமர் பேப்பர்ட்டும் புத்தகம் எழுதி நிரூபிச்சாங்க. இந்த வழியில் பலருக்கு ஆர்வமே போயிடுச்சு. 1971-ல், தன் 43-வது பிறந்தநாள் அன்றே படகு விபத்தில் ரோசன்பிளாட் இறந்துபோனார். ஜெயிச்சதை அவர் பார்க்கவே இல்லை.

ஆனா விதை சாகலை. அடுக்குகளைக் கூட்டி, தப்பைத் திருத்தும் வழியையும் மேம்படுத்தினாங்க. இன்னிக்கு அசைன்மென்ட்டுக்கு நீங்க நைசா உதவி கேட்கிற சாட்ஜிபிடியும் அந்த வம்சம்தான். இந்தத் துறைக்காக 2024-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் வாங்கிய டிகிரி என்ன தெரியுமா? சைக்காலஜி!

இந்த ரூட் பிடிச்சிருக்கா? காந்திநகர், டெல்லி ஐ.ஐ.டி.களில் காக்னிட்டிவ் சயின்ஸில் எம்.எஸ்சி. இருக்கு. அதுவரைக்கும் உங்க காலேஜிலேயே ஆரம்பிக்கலாம். சைக்காலஜி மாணவரா? புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கத்துக்கோங்க. கம்ப்யூட்டர் மாணவரா? சைக்காலஜி பேப்பர் ஒண்ணு எடுத்துப் பாருங்க. 'சம்பந்தமே இல்லாததை ஏன்டா படிக்கிறே?'ன்னு ஃபிரெண்ட்ஸ் ஓட்டத்தான் செய்வாங்க. ஓட்டட்டும். மனசு எப்படிக் கத்துக்குது என்ற கேள்விக்கு டிபார்ட்மென்ட் சுவர் தெரியாது பாஸ்!